கருவாட்டுக்காரி சகவாசம்

ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போக வேண்டியதுதானேன்னு ரொம்ப லேசாச் சொல்லிட்டீங்க தம்பி. உங்ககிட்ட நான் யோசனை கேட்டேனா? பெஞ்சுல இடம் கிடந்துச்சு, உக்காந்தீங்க. என்ன கேஸுன்னு கேட்டீங்க, சொன்னேன். அதோட விட வேண்டியதுதானே?

நீங்க என்ன கேஸு? ஹெல்மெட்டா. போட்டிருந்தீங்களா, போடலையா? போடல. அப்ப நீங்க ஒத்துக்கிட்டுக் கட்டிட்டுப் போங்க, அதான் ஒழுங்கு. நான் சீட்டாடல. ரயிலடிக்குப் பின்னால புளியமரத்தடியில காசு வச்சுச் சீட்டாடினேன்னு எழுதியிருக்காவ. எனக்கு ஆட்டின் எது, டைமன் எதுன்னே தெரியாது. ஆடாதவன் ஆடினேன்னு எப்படிச் சொல்ல?

சிரிக்காதீங்க. இது என் பேச்சே கிடையாது. இது ஒரு பொம்பளைகிட்டருந்து எனக்கு ஒட்டுன வியாதி. சொறி சிரங்கு ஒட்டுதுல்லா, அந்த மாதிரி. பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்பாங்க. நான் சேர்ந்தது கருவாட்டோட.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. அந்தா, வாசல்ல நின்னு பேர் கூப்பிடுதாரே டவாலி, அவரைக் கேளுங்க. சாட்சி சங்கரபாண்டின்னா இந்தக் கோர்ட்டு வேப்பமரத்துக்குக்கூடத் தெரியும். போலீஸ்காரங்க ஒருத்தனைப் பிடிச்சு, அவன்கிட்டருந்து ஒரு பொருளை எடுத்தா, அதை ரெண்டு பேர் பக்கத்துல நின்னு பாத்ததாக் கையெழுத்துப் போடணும். மகசர்ம்பாங்க. ஊருக்குள்ள எவன் வருவான்? கோர்ட்டுக்கு அலையணும்னு ஓடிருவான். அதுக்குத்தான் நானும் குத்தாலமும். ஸ்டேஷனுக்கு எதுத்த டீக்கடையில உக்காந்திருப்போம். ஏட்டையா பேப்பரைக் கொண்டுவருவாரு. போடுவோம். பின்னால கோர்ட்டுல கூப்பிட்டா கூண்டுல ஏறி, "ஆமாங்கையா, என் கண்ணு முன்னாலதான் எடுத்தாவ"ன்னு சொல்லுவோம். அவ்வளவுதான் தொழில்.

அதுல என்ன தப்பு? இப்பவும் கேக்கேன், என்ன தப்பு? போலீஸ்காரன் சும்மா போறவனையா பிடிச்சிருப்பான்? பிடிச்சவன் எதையாவது பண்ணித்தான் இருப்பான். இதைப் பண்ணலைன்னா வேற ஒண்ணைப் பண்ணியிருப்பான். இப்படித்தான் நான் நினைச்சேன். நிம்மதியா நினைச்சேன். ராத்திரி படுத்தா விடிஞ்சுதான் முழிப்பேன். ஊர்ல மரியாதைக்கும் குறைவில்ல. ஸ்டேஷன் ஆளுன்னு முடிவெட்டுதவன்கூட காசு கேக்க மாட்டான். பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா, மகன் திருப்பூர்ல. எனக்கு வேற என்ன வேணும்?

அப்பதான் இவ வந்தா. இதே பெஞ்சு. வெள்ளத்தாயின்னு பேரு. மார்க்கெட்டுல கருவாடு விக்கிறவ. அவ வாரதுக்கு முன்னால அவ வாடை வரும். "அண்ணாச்சி, செத்த தள்ளி உக்காருங்க"ன்னா. தள்ளினேன். அன்னைக்கு நான் எந்திரிச்சுப் போயிருக்கணும். போகாம இருந்துட்டேன்.

என்ன கேஸுன்னு கேட்டேன். இப்ப நீங்க என்னைக் கேட்டீங்கள்லா, அதே மாதிரி. எனக்கும் அந்தக் கெட்ட புத்தி உண்டு. காந்தி ஜெயந்தி அன்னைக்குப் பிராந்திக் கடை அடைச்சிருக்கும்போது வீட்டுக்குள்ள பாட்டில் வச்சு வித்தேன்னு கேஸுன்னா. விக்கலியாம். ஏட்டு ஒருத்தர் வாராவாரம் நெத்திலியை அள்ளிக்கிட்டுப் போயிருக்காரு. இவ ஒருநாள் சந்தையில நூறு பேருக்கு முன்னால, "சர்க்காரு சம்பளம் குடுக்கான்லா, வாங்கித் தின்னு"ன்னு கேட்டுட்டா. அதுக்கப்புறம் வந்த காந்தி ஜெயந்திக்கு இவ வீட்டுல பாட்டில் முளைச்சிருச்சாம். ஏட்டு யாருன்னு கேட்டேன். சொன்னா. நம்ம ஏட்டையாதான். நமக்கு வேண்டப்பட்டவரு.

அப்புறம் ஒரு நல்ல வார்த்தை சொல்லுவோமேன்னு, இப்ப நீங்க சொன்னதையேதான் சொன்னேன். "யம்மா, ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போ. வியாபாரத்தை விட்டுட்டு வாய்தாவுக்கு வாய்தா அலையப் போறியா?"

"செய்யாததைச் செஞ்சேன்னு எப்படி அண்ணாச்சி சொல்ல?"

"வாயாலதான். ரெண்டு வார்த்தை."

"அது என் வாய்லா?"

இதுதான் பதில். அது என் வாய்லா. இதுக்கு என்னத்தைச் சொல்ல? எனக்குன்னா ஆத்திரம். படிக்காத பொம்பளை, விளக்கமாச் சொன்னா கேக்கணும். ஊர்ல எல்லாரும் ஒத்துக்கிட்டுத்தானே போறான்? வக்கீலே அதைத்தான் சொல்லுதாரு, ஜட்ஜம்மாவே "யோசிச்சுச் சொல்லும்மா"ன்னு கேக்காங்க. இவ மட்டும் மாட்டாளாம். இவ பெரிய இவ.

இப்படியே வாய்தா போட்டுக்கிட்டே போனாவ. ஏட்டையா வரமாட்டாரு, ஒரு வாய்தா. வக்கீலுங்க ஸ்டிரைக்கு, ஒரு வாய்தா. ஜட்ஜம்மா லீவு, இன்னொண்ணு. நான் ஏதாவது ஒரு கேஸுக்கு இங்க வந்திருப்பேன், அவளும் வந்திருப்பா. மத்தியானம் தூக்குவாளியைத் திறப்பா. பழைய சோறு, சுட்ட கருவாடு. மூடியில வச்சு என் பக்கம் தள்ளுவா. நானா கேக்கல. அவளா தள்ளுவா. திங்கும்போதும் சண்டைதான். நான் ஒத்துக்கோம்பேன், அவ மாட்டேம்பா. "நீங்க எதுக்கு அண்ணாச்சி இங்க வாரீங்க?"ன்னு ஒருநாள் கேட்டா. "சாட்சி சொல்ல"ன்னேன். "பாத்ததையா சொல்லுவீங்க?"ன்னா. "ஆமா, பின்னே?"ன்னேன். அவ கருவாட்டைப் பிச்சுக்கிட்டே, "நல்லதுதான்"னா. அந்த நல்லதுதான் இருக்கே, அது என் தொண்டையில முள்ளு மாதிரி நின்னுக்கிடுச்சு.

அதுக்கப்புறம்தான் எனக்குச் சனியன் பிடிச்சது. எங்க தெருவுல எதுத்த வீட்டுப் பையனுக்குப் பொண்ணு பாத்திருந்தாவ. பொண்ணு வீட்டு ஆளுக விசாரிக்க வந்து என்னைக் கேட்டாவ. இந்த மாதிரி கேட்டா என்ன சொல்லணும்? தங்கமான பையன்னு சொல்லணும். ஊர் உலகத்துல யாருன்னாலும் அதைத்தான் சொல்லுவான். நானும் வாயைத் திறந்தேன். தங்கம் வரல. "குடிப்பான்"ன்னு வந்துருச்சு. "ரெண்டு தடவை ரோட்டுல கிடந்தான், நான்தான் தூக்கிக் கொண்டுவந்து போட்டேன்"னு அதுவும் சேந்து வந்துருச்சு. கல்யாணம் நின்னுபோச்சு. அந்தப் பையனோட அம்மா என் வீட்டு வாசல்ல மண்ணை வாரித் தூத்திட்டுப் போனா. முப்பது வருசம் பழகின குடும்பம் தம்பி. இப்ப எதிரே வந்தா முகத்தைத் திருப்பிக்கிடுதாவ. அந்தப் பொண்ணு தப்பிச்சிருச்சுன்னு நீங்க நினைப்பீங்க. அந்தப் பொண்ணு எனக்கு யாரு? ஒரு வாய்க் காப்பி குடுத்தாளா?

கோர்ட்டுலயும் தடுமாற ஆரம்பிச்சேன். ஒரு சைக்கிள் திருட்டு. "சைக்கிள் என்ன கலரு?"ன்னு எதிர்க்கட்சி வக்கீல் கேக்காரு. நான் பாட்டுக்குப் பச்சையோ கறுப்போ சொல்லியிருக்கணும். "தெரியலைங்கையா"ன்னுட்டேன். எப்படித் தெரியும், நான்தான் பாக்கலையே. வெளிய வந்ததும் குத்தாலம் என் சட்டையைப் பிடிச்சான். "என்னவே, புத்தி கித்தி பிசகிட்டா? அந்தக் கருவாட்டுக்காரிகூட உக்காராதேன்னா கேக்கியா?"ன்னான். நான் அவனை ஏசினேன். ஆனா அவன் சொன்னது சரி. அவனுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு.

அப்புறம் ஒருநாள் ஸ்டேஷன்லருந்து ஆள் வந்து சம்மனைக் குடுத்துட்டுப் போனான். வழக்கமா வாரதுதான். குத்தாலம் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு, "அடுத்த வாய்தாவுல நம்ம ரெண்டு பேருக்கும் உன் கூட்டாளி கேஸு"ன்னான்.

"எந்தக் கூட்டாளி?"

"கருவாட்டுக்காரி. நீயும் நானும்தானே அதுக்குச் சாட்சி. பாட்டில் எடுத்ததைப் பாத்தோம்லா?"

எனக்கு ஞாபகமே இல்ல தம்பி. சத்தியமா ஞாபகம் இல்ல. எத்தனை பேப்பர்ல போட்டிருப்பேன், எவன் கேஸுன்னு பாத்தா போட்டேன்? இவ வீடு எந்தத் தெருன்னுகூட எனக்குத் தெரியாது. இத்தனை நாள் அவ பக்கத்துல உக்காந்து, அவ சோத்தைத் தின்னு, அவளுக்குப் புத்தி சொல்லி. டீ டம்ளரை வச்சுட்டேன். குத்தாலம் சிரிக்கான்.

ஒரு வழிதான் இருந்துச்சு. அவ ஒத்துக்கிட்டா நான் கூண்டுல ஏற வேண்டாம்லா? நேரே மார்க்கெட்டுக்குப் போனேன். அவ சாளைக் கருவாட்டைக் கூறு கட்டிக்கிட்டிருந்தா. "வெள்ளத்தாயி, நான் சொல்லுததைக் கேளு. இந்த வாய்தாவுல ஒத்துக்கோ. ஃபைனை நான் கட்டுதேன்"னேன்.

நிமிந்து பாத்தா. "நீங்க ஏன் கட்டணும்?"

"உனக்கு நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"எனக்கா, உங்களுக்கா?"

என்ன தைரியம் பாருங்க. நான் கத்திட்டேன். "திமிர் பிடிச்ச பொம்பளை, உன்னால எத்தனை பேருக்குக் கஷ்டம் தெரியுமா? நீ ஒருத்தி வளைஞ்சு குடுத்தா உலகம் அழிஞ்சா போயிரும்?"ன்னு சந்தையே திரும்பிப் பாக்கக் கத்தினேன். அவ கத்தல. "யாவாரத்துக்கு முன்னால நிக்காதீங்க, ஆள் மறைக்குது"ன்னா. அவ்வளவுதான். அண்ணாச்சின்னுகூடச் சொல்லல.

திருப்பூருக்குப் போயிருவோமான்னு பாத்தேன். மகன்கிட்ட என்ன சொல்லிட்டுப் போக? காய்ச்சல்னு படுத்துக்கிடலாம்னு பாத்தேன். காய்ச்சல் வரல. வாய்தா அன்னைக்கு வந்து நின்னேன். மொதல்ல குத்தாலத்தைக் கூப்பிட்டாவ. அவன் உள்ள போனான், வெளிய வந்தான், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வடை திங்கப் போயிட்டான். அவனுக்கு என்ன, நிம்மதியான மனுசன்.

எம்பேரைக் கூப்பிட்டாவ. ஏறினேன். எதுத்தாப்ல அவ நிக்கா. ஒண்ணு சொல்லுதேன் தம்பி, அவ கெஞ்சுத மாதிரி பாத்திருந்தான்னா நான் வழக்கம்போல சொல்லிட்டு இறங்கியிருப்பேன். அழுதிருந்தா அதைவிட லேசு. அழுதவங்க எத்தனை பேரைப் பாத்திருக்கேன் அந்தக் கூண்டுல. இவ அழல. மீன் நல்ல மீனா, கெட்டுப்போச்சான்னு செவுளைத் தூக்கிப் பாப்பாள்லா, அப்படிப் பாத்தா. என்னைப் போய். ஊருக்கே சாட்சி சொன்னவனை.

அரசு வக்கீல் கேட்டாரு. "சம்பவ இடத்துல நீங்க இருந்தீங்களா?"

ஆமான்னுதான் சொல்ல வந்தேன். நாக்கு மேல ஒட்டிக்கிடுச்சு.

"உங்களைத்தான் கேக்கேன். இருந்தீங்களா?"

"இல்லைங்கையா"ன்னேன்.

அவரு கண்ணாடியைக் கழட்டினாரு. "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்கையா. டீக்கடையில வச்சுப் போட்டேன். இந்தம்மா வீடு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது."

ஜட்ஜம்மா எழுதிக்கிட்டிருந்தவங்க நிறுத்திட்டாங்க. பின்னால எவனோ சிரிச்சான். அரசு வக்கீலுக்கு முகம் சிவந்துபோச்சு. இவரைப் பிறழ்சாட்சியா அறிவிக்கணும்னு கேட்டு, அப்புறம் என்னைப் போட்டு உலுக்கி எடுத்துட்டாரு. காசு வாங்கினியா, மிரட்டினாங்களான்னு. காசா? அவகிட்டருந்தா? நாறக் கருவாடு வாங்கினேன். அதைச் சொல்லல. பிறழ்சாட்சின்னு எழுதிட்டாவ. எம்பேருக்கு முன்னால அப்படி ஒரு வார்த்தையை யாரும் எழுதினது கிடையாது.

வெளிய வந்தேன். ஏட்டையா தூண் பக்கம் நின்னு, "ஸ்டேஷன் பக்கம் வராமயா போயிருவ?"ன்னு மட்டும் கேட்டாரு. மெதுவாக் கேட்டாரு. அது போச்சு. நான் எதுக்கு நின்னேன் தெரியுமா? அவ வருவா, ஒரு வார்த்தை சொல்லுவான்னு. என் பொழைப்பைப் பாழாக்கிட்டு இறங்கியிருக்கேன், ஒரு கும்பிடாவது போடணும்லா?

வந்தா. எடுத்த உடனே, "பையில செருப்பு கொண்டாந்திருந்தேன்"னா. "நீ மட்டும் ஆமான்னு சொல்லியிருந்தா, இந்த வாசல்லயே வச்சு வாங்கியிருப்ப."

"அப்ப நான்தான் சாட்சின்னு உனக்குத் தெரியுமா?"

"மொத வாய்தாவுலயே வக்கீல் காட்டிட்டாரு. அந்தா பெஞ்சுல கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கான் பாரு, அவன்தான்னாரு. என்ன சென்மம்னு பக்கத்துல வந்து பாக்கலாம்னுதான் உக்காந்தேன்."

"தெரிஞ்சேவா சோறு போட்ட? என்னை மயக்கவா போட்ட?"

அதுக்குத்தான் அவளுக்குக் கோவம் வந்துச்சு. செருப்புன்னு சொல்லும்போதுகூட வராத கோவம். "ஏ மனுசா, பக்கத்துல ஒருத்தன் உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கான். அவனுக்குக் குடுக்காம எப்படித் திங்க? சாட்சின்னா வயிறு இல்லாமலா போச்சு?"ன்னுட்டு, திரும்பிப் பாக்காமப் போயிட்டா. ஒரு நன்றி கிடையாது, ஒண்ணும் கிடையாது.

அவளை விடுதலை பண்ணிட்டாவ. கேஸ் நிரூபணம் ஆகலையாம். என்னைத்தான் பிடிச்சுக்கிட்டாவ. டீக்கடையில நான் போனா குத்தாலம் எந்திரிச்சுப் போயிருவான். முடிவெட்டுதவன் காசு கேக்கான். இந்த வயசுல லாரி செட்டுல வாட்ச்மேன் வேலைக்குப் போனேன். அங்க இருக்கும்போதுதான் ஒருநாள் சாயங்காலம் ஏட்டையா வந்து, "ஜீப்புல ஏறு, சீட்டாடினியாமே"ன்னாரு. சாட்சி யாருன்னு கேக்கீங்களா? குத்தாலம்தான். வேற யாரு இருக்கா இந்த ஊர்ல? இன்னைக்குத்தான் அவனைக் கூண்டுல ஏத்துதாவ. அந்தா, வேப்பமரத்தடியில முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கானே, அவன்தான். காலையிலருந்து இந்தப் பக்கம் திரும்பவே இல்ல. திரும்பச் சொல்லுங்க பாப்போம். அவன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. அவன் தொழிலை அவன் செய்யுதான். எனக்குக் கோவமெல்லாம் இவ மேலதான்.

இந்தக் கேஸுல வக்கீல் சொல்லிட்டாரு, ஜட்ஜம்மா கேட்டுட்டாங்க, மகன் போன்ல கத்திட்டான், ஒத்துக்கிட்டுத் தொலையுங்கப்பான்னு. நானும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒத்துக்கிடணும்னுதான் கிளம்பி வாரேன். உள்ள போய் நின்னா வாய் வர மாட்டேங்குது. நான் நல்லவன்னு நினைச்சுராதீங்க. நல்லவனா இருக்கணும்னு எனக்கு ஆசையும் கிடையாது. வீம்பு. அவ்வளவுதான். அவ முன்னால போய் ஒத்துக்கிட்டேன்னு நிக்க முடியாதுல்லா?

ஆமா, வருவா. எல்லா வாய்தாவுக்கும் வருவா. வராதேன்னு சொல்லியாச்சு, ஏசியாச்சு. "உன்னாலதான்டி நான் இங்க உக்காந்திருக்கேன், உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்"னுகூடச் சொல்லிட்டேன். "முழிக்காதீங்க, அந்தப் பக்கம் பாத்து உக்காருங்க"ன்னுட்டு இந்தா, இங்ஙனயே உக்காருவா. இப்ப மறுபடியும் அண்ணாச்சின்னு கூப்பிடுதா. அதுல ஒரு கேலி இருக்கு, எனக்குத் தெரியும். யாவாரத்தைப் பக்கத்துக் கடைக்காரிகிட்ட விட்டுட்டு வருவா. அந்தப் பக்கத்துக் கடைக்காரி திருடி. சொன்னா கேக்க மாட்டா.

இன்னைக்கு இன்னும் காணோம். வரலைன்னா நல்லதுதான். மேம்பாலத்து வேலை நடக்குதுல்லா, பஸ்ஸெல்லாம் சுத்திக்கிட்டு வருது. அதனாலயா இருக்கும். இல்ல, வராமலே இருந்துருவாளோ என்னமோ. போன வாய்தாவுல கொஞ்சம் அதிகமாத்தான் ஏசிட்டேன். ஏசினா என்ன? ஏசாமக் கொஞ்சவா செய்வாவ?

நீங்க ஏன் அந்தக் கேட்டுப் பக்கம் பாக்கீங்க? நான் பாக்கேனா? நான் டவாலியைப் பாக்கேன்.

கூப்பிட்டுட்டாரு. எம்பேருதான். சரி, போய்ட்டு வாரேன். நீங்க உங்க ஃபைனைக் கட்டிட்டு உடனே எந்திரிச்சுப் போயிராதீங்க, செத்த நேரம் இருங்க. இந்தத் துண்டை இங்ஙன விரிச்சிட்டுப் போறேன். யாராவது வந்தா ஆள் இருக்குன்னு சொல்லுங்க. எனக்குத்தான். திரும்பி வந்தா நான் உக்கார வேண்டாமா? ஒரு ஆளுக்கு எதுக்கு இவ்வளவு இடம்னு மட்டும் கேக்காதீங்க.